கிடார் வாசிக்கத் தெரியாதவர் கிடார் ஆம்ப்பை மாற்றிய கதை: லியோ ஃபெண்டரும் ஒரு சின்ன ஃபியூஸும்

1950-களில் வெளிவந்த ஒரு ஃபெண்டர் கிடார் ஆம்ப்ளிஃபயர். மேல் விளிம்பில் நீளமான ஒரு உலோகப் பட்டை. அதில் கிடாரைச் செருகும் துளைகள், வால்யூம், டோன் குமிழ்கள், ஒரு குட்டி விளக்கு, ஆன்-ஆஃப் சுவிட்ச். அந்த வரிசையிலேயே சின்னதாக ஒரு மூடியும் இருக்கும். அதைத் திருகிக் கழற்றினால், சுண்டு விரலில் பாதி நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் வெளியே வரும். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கம்பி. அதுதான் ஃபியூஸ்.

ஃபியூஸால் சத்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அதற்கு இருப்பது ஒரே ஒரு வேலை. ஆம்ப்புக்குள் ஏதாவது தப்பாகப் போனால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தான் எரிந்துபோக வேண்டும்.

அந்த ஆம்ப்பை உருவாக்கிய லியோ ஃபெண்டருக்குக் கடைசிவரை கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால், ராக் இசையின் சத்தத்தையே மாற்றியவர்களின் பட்டியலில் அவருக்கு முன்வரிசை இடம் உண்டு. காரணம், அவர் அடிப்படையில் ஒரு ரேடியோ மெக்கானிக். ஒரு கருவி எங்கே, எப்படிப் பழுதாகும் என்று தெரிந்துகொண்டு அதை உருவாக்கியவர்.

யார் இந்த லியோ ஃபெண்டர்? வால்வு ஆம்ப்பில் ஃபியூஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? சரியான ஃபியூஸை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆரஞ்சுத் தோட்டத்து சிறுவன்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், அனஹெய்ம், ஃபுல்லர்டன் ஊர்களை ஒட்டிய பகுதியில் 1909 ஆகஸ்ட் 10 அன்று பிறந்தார் லியோ. முழுப்பெயர் கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர். பெற்றோருக்கு ஆரஞ்சுத் தோட்டம்தான் வாழ்வாதாரம்.

8 வயதில் இடது கண்ணில் கட்டி வந்தது. கண்ணையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க ஒரு கண் கண்ணாடிக் கண்தான். பிற்காலத்தில் மணிக்கணக்காகக் குனிந்து சால்டரிங் வேலை பார்த்ததெல்லாம் மிச்சமிருந்த ஒரே கண்ணை வைத்துத்தான்.

அவரது மாமா ஒருவர் சான்டா மரியா ஊரில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் கடை வைத்திருந்தார். லியோ பதின்வயதைத் தொட்ட சமயத்தில், அந்த மாமா ஒரு பெட்டி நிறைய பழைய பாகங்களையும் ஒரு பேட்டரியையும் அனுப்பிவைத்தார். பிறகு அந்தக் கடைக்கே போன லியோ, உதிரி பாகங்களை வைத்து மாமா கட்டியிருந்த ஒரு ரேடியோவைப் பார்த்தார். அதிலிருந்து வந்த சத்தம் அவரை அப்படியே பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பியதும் வீட்டிலேயே ரேடியோ ரிப்பேர் ஆரம்பமாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், எலெக்ட்ரானிக்ஸை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. 1928-ல் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஃபுல்லர்டன் ஜூனியர் கல்லூரியில் சேர்ந்து படித்தது அக்கவுன்டிங். வால்வுகளையும் டிரான்ஸ்ஃபார்மர்களையும் தானாகவே கற்றுக்கொண்டார்.

வேலை போனது, கடை வந்தது

படித்து முடித்ததும் ஒரு ஐஸ் கம்பெனியில் டெலிவரி வேலை, பிறகு அங்கேயே கணக்கு எழுதும் வேலை. 1934-ல் எஸ்தரைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்காளர் வேலை கிடைத்தது. அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். அந்த வேலையும் போனது. அடுத்து சேர்ந்த டயர் கம்பெனியிலும் நிலைக்க முடியவில்லை.

1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, மனைவியுடன் ஃபுல்லர்டனுக்கே திரும்பி வந்தார். ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ் என்று ஒரு கடை திறந்தார். ரேடியோ ரிப்பேர், ரெக்கார்டு பிளேயர் ரிப்பேர், விழாக்களுக்கு மைக் செட் வாடகை. நம்மூர் சவுண்ட் சர்வீஸ் கடை மாதிரியேதான்.

அங்கேதான் இசைக்கலைஞர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நடன அரங்குகளில் வாசிக்கும் கிடார்காரர்களின் ஆம்ப் அடிக்கடி படுத்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு இவரிடம் ஓடி வருவார்கள். இப்படி மற்றவர்கள் செய்த ஆம்ப்களை நூற்றுக்கணக்கில் திறந்து பார்த்ததில் லியோவுக்கு ஒரு விஷயம் புரிந்தது. பல கருவிகள் நன்றாக ஒலித்தன. ஆனால் திறக்கவே முடியாதபடி கட்டப்பட்டிருந்தன. எது எரிந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில், டாக் காஃப்மன் என்ற இசைக்கலைஞருடன் சேர்ந்து மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிடார்களையும் சிறிய ஆம்ப்களையும் செய்ய ஆரம்பித்தார். கே அண்ட் எஃப் என்பது அந்த நிறுவனத்தின் பெயர். தொழிலில் இன்னும் பணம் போட காஃப்மனுக்குப் பயம். 1946-ல் அவர் விலகிக்கொண்டார். லியோ தனியாக ஃபெண்டர் எலெக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனியைத் தொடங்கினார்.

ரிப்பேர்காரர் போட்ட டிசைன்

அடுத்து வந்த பத்து வருடங்கள் வரலாறு. 1950-ல் ஒரே பலகையில் வெட்டிய எலெக்ட்ரிக் கிடார், அடுத்த வருடமே அதற்கு டெலிகாஸ்டர் என்ற பெயர். 1951-ல் பிரிசிஷன் பேஸ். 1954-ல் ஸ்ட்ராடோகாஸ்டர். கூடவே சாம்ப், டீலக்ஸ், பேஸ்மேன், ட்வின் என்று ஆம்ப் வரிசை.

எல்லாவற்றிலும் ஒரே மூளை வேலை செய்தது. கிடாரின் கழுத்து நான்கு ஸ்க்ரூவில் நின்றது. கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். ஆம்ப்புக்குள் பாகங்கள் எல்லாம் ஒரு பலகையில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. பின்பக்கத்தைத் திறந்தால், எந்த இடத்தில் எந்த வால்வு என்று ஒரு காகிதமே ஒட்டப்பட்டிருந்தது. ஃபியூஸை மாற்ற எதையும் திறக்கவே வேண்டாம், வெளியே இருந்தே கழற்றலாம்.

புது ஆம்ப் ஒன்றைச் செய்ததும் லியோ அதை உள்ளூர் கலைஞர்களிடம் கொடுத்து, கிளப்பில் வாசிக்கச் சொல்வார். எது கெடுகிறதோ அதை மாற்றுவார். திரும்பவும் கொடுப்பார். கருவி எப்படிச் சாகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

வால்வு ஆம்ப்புக்குள் என்ன நடக்கிறது?

ஃபியூஸ் கதை புரிய, ஆம்ப்பின் பவர் சப்ளையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிறது. அது மின்சாரத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒன்று, வால்வுகளைச் சூடாக்க 6.3 வோல்ட். இரண்டு, ரெக்டிஃபையர் வால்வைச் சூடாக்க 5 வோல்ட். மூன்றாவதுதான் ஆபத்தானது. வால்வுகள் வேலை செய்யத் தேவையான உயர் மின்னழுத்தம். பேஸ்மேன் போன்ற ஆம்ப்பில் இது 400 வோல்ட்டைத் தாண்டும்.

பிரபலமான 1959 பேஸ்மேன் ஆம்ப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் ரெண்டு பெரிய 6எல்6 வால்வுகள், மூன்று சின்ன வால்வுகள், ஒரு ஜிஇசட்34 ரெக்டிஃபையர். பெரிய வால்வு ஒவ்வொன்றும் சூடாக 0.9 ஆம்பியர் எடுக்கும், சின்னது ஒவ்வொன்றும் 0.3 ஆம்பியர். மொத்தம் 2.7 ஆம்பியர், அதாவது 17 வாட். ரெக்டிஃபையருக்கு இன்னொரு 9.5 வாட். கிடாரில் ஒரு தந்தியைக்கூடத் தட்டாதபோதே, வால்வுகளைச் சூடாக்க மட்டும் சுமார் 26 வாட் போய்விடுகிறது.

அதனால்தான் 40 வாட் ஆம்ப் என்று எழுதியிருந்தால், அது சுவரிலிருந்து 40 வாட்தான் எடுக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. அந்த 40 வாட் ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தின் கணக்கு. சுவரிலிருந்து எடுப்பது அதைப் போலப் பல மடங்கு.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடுவது?

கணக்கு எளிது. ஆம்ப் எடுக்கும் வாட்டை, வீட்டு மின்னழுத்தத்தால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

ஒரு ஆம்ப் முழு சத்தத்தில் 180 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 120 வோல்ட். 180-ஐ 120-ஆல் வகுத்தால் 1.5 ஆம்பியர். இதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு 2 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தமாக இருக்கும்.

அதே ஆம்ப் இந்தியாவின் 230 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டு வருகிறது. இப்போது எடுப்பது 0.78 ஆம்பியர்தான். 1 ஆம்பியர் ஃபியூஸே போதும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரை 230 வோல்ட்டுக்கு மாற்றுவார்கள். பழைய 2 ஆம்பியர் ஃபியூஸை அப்படியே விட்டுவிடுவார்கள். கணக்குப் போட்டால் ஆபத்து தெரியும். 120 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 240 வாட். 230 வோல்ட்டில் அதே 2 ஆம்பியர் என்றால் 460 வாட். 180 வாட்டுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 460 வாட் போனாலும் அந்த ஃபியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. 2 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக 2 ஆம்பியரைத் தாண்டியதும் டக்கென்று எரிந்துவிடாது. அதன் அளவைப் போல ஒன்றரை மடங்கு ஓடினால்கூட ஃபியூஸ் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். ஐரோப்பியத் தரப்படி செய்த ஃபியூஸ் ஒன்றரை மடங்கை ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும் என்பதே விதி. அமெரிக்கத் தரத்தின் விதி வேறு. அது இன்னும் சீக்கிரம் எரியும். எனவே, கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என்ன என்று நினைத்தால், அந்தக் கொஞ்சம் உண்மையில் நிறைய.

தமிழ்நாட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. வீட்டில் ஃபியூஸ் போயிடுச்சு என்றால், கட்டையைப் பிடுங்கி, கையில் கிடைத்த தடித்த கம்பியை ரெண்டு சுற்று சுற்றிச் செருகிவிடும் பழக்கம் பழைய வீடுகளில் உண்டு. விளக்கு எரியும். ஆனால், அடுத்த முறை எரியப்போவது ஃபியூஸ் கம்பியாக இருக்காது. சுவருக்குள் இருக்கும் வயராக இருக்கும்.

ஸ்லோ-ப்ளோவா, ஃபாஸ்ட்டா?

வால்வு ஆம்ப்பை ஆன் செய்யும் அந்த நொடியில், வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் உள்ளே பாயும். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு மையம் காந்தமாக வேண்டும். குளிர்ந்திருக்கும் வால்வு இழைகளுக்கு மின்தடை குறைவு. சூடாகும்வரை அவை அதிகமாக இழுக்கும். கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும். அவையும் நிரம்ப வேண்டும்.

இது பழுது கிடையாது, இயல்பான ஒன்று. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால், வேகமாக எரியும் ஃபியூஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆன் செய்த உடனேயே எரிந்துவிடும். அதனால் பெரும்பாலான வால்வு ஆம்ப்களின் மெயின் ஃபியூஸ் ஸ்லோ-ப்ளோ வகை. குறுகிய நேரப் பாய்ச்சலைப் பொறுத்துக்கொள்ளும். விடாமல் தொடர்ந்தால் எரியும். இப்போது கடைகளில் கிடைக்கும் ஃபியூஸ்களின் உலோக மூடியில், ஆம்பியருக்கு முன்னால் ஆங்கில டி எழுத்து இருந்தால் மெதுவாக எரிவது. எஃப் இருந்தால் வேகமாக எரிவது.

பலர் செய்யும் தவறு இதுதான். 1 ஆம்பியர் ஃபாஸ்ட் ஃபியூஸ் போட்டால் ஆன் செய்ததும் எரிகிறது. உடனே 3 ஆம்பியர் ஃபாஸ்ட் வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஆம்ப் வேலை செய்யும். ஆனால் பாதுகாப்பு போய்விட்டது. அவர்கள் மாற்ற வேண்டியிருந்தது வகையை; மாற்றியதோ அளவை.

லண்டனில் சேர்ந்த இரண்டாவது ஃபியூஸ்

1960-களின் தொடக்கத்தில் லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். அமெரிக்க ஆம்ப்கள் அங்கே விலை அதிகம். அதனால் அவரது கடையில் இருந்தவர்கள் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்பின் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்துத் தாங்களே ஒன்று செய்தார்கள். அதுதான் ஜேடிஎம்45. மார்ஷல் என்ற பெயர் உலகம் முழுக்கப் போனது இப்படித்தான். லியோவின் சர்க்யூட் அட்லான்டிக்கைத் தாண்டி இன்னொரு தலைமுறை ராக் இசைக்கு வழி செய்தது.

பிற்கால மார்ஷல் ஆம்ப்களின் பின்பக்கத்தில் ரெண்டு ஃபியூஸ் இருக்கும். ஒன்று மெயின். மற்றொன்று உயர் மின்னழுத்தப் பகுதிக்குத் தனியாக, எச்.டி. ஃபியூஸ் என்பார்கள். ஃபெண்டரின் பழைய ஆம்ப்களில் பொதுவாக ஒன்றுதான்.

எதற்கு இரண்டாவது? ஒரு பெரிய வால்வு உள்ளுக்குள் ஷார்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உயர் மின்னழுத்தச் சுருளில் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு மின்சாரம் ஓடும். அந்தச் சுருள் மெல்லிய கம்பியால் ஆனது; சூடாகத் தொடங்கும். ஆனால், மெயின் ஃபியூஸ் பார்ப்பது வால்வு சூடாக்குவது உட்பட எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கை. மொத்தத்தில் இந்தக் கூடுதல் அவ்வளவு பெரிதாகத் தெரியாமல் போகலாம். மெயின் ஃபியூஸ் விழித்துக்கொள்வதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடலாம். உயர் மின்னழுத்தப் பாதையிலேயே ஒரு சின்ன ஃபியூஸ் இருந்தால், அது முதலில் எரிந்து காப்பாற்றும்.

இதிலும் ஒரு கவனம் வேண்டும். சாதாரணக் கண்ணாடி ஃபியூஸ் 250 வோல்ட்டுக்கானது. 400 வோல்ட்டுக்கு மேல் உள்ள நேர்மின்சாரப் பாதையில் அதைப் போட்டால், கம்பி உருகிய பிறகும் இடைவெளியில் தீப்பொறி தொடர்ந்து மின்சாரம் ஓடலாம். ஃபியூஸ் எரிந்தது, ஆனால் மின்சாரம் நிற்கவில்லை என்ற நிலை. எந்த இடத்தில் போடுகிறோமோ அந்த மின்னழுத்தத்துக்கு ஏற்ற ஃபியூஸ் வேண்டும்.

ஃபியூஸ் காப்பாற்றாத ஒன்று: மனித உயிர்

அந்தக் காலத்து அமெரிக்க ஆம்ப்களில் ரெண்டு பின் பிளக்தான். எர்த் கிடையாது. இரைச்சலைக் குறைக்க, மின்சார லைனிலிருந்து உலோக சேசிஸுக்கு ஒரு கெப்பாசிட்டர் இணைக்கப்பட்டிருந்தது. ஃபெண்டர் மட்டும் இப்படிச் செய்யவில்லை. பொதுவான வழக்கமே அதுதான். அந்தக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால், சேசிஸ், கிடார் தந்திகள் எல்லாவற்றிலும் மின்சாரம் வரும். அதற்கு டெக்னீஷியன்கள் வைத்த பட்டப்பெயரே மரணக் கெப்பாசிட்டர்.

தந்தியில் கை, எர்த் ஆன மைக்கில் உதடு. அவ்வளவுதான், ஷாக். அந்த நேரத்தில் ஃபியூஸ் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. ஒரு மனிதனைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். 2 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

மூன்று பின் பிளக்கும் சரியான எர்த்தும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இப்போது சேசிஸில் மின்சாரம் வந்தால் அது எர்த் வழியாகப் பெருமளவில் பாயும். உடனே ஃபியூஸ் எரியும். எர்த் இல்லாத ஃபியூஸ் அரைக் காவலாளிதான். அதேபோல் ஃபியூஸ் எப்போதும் லைன் வயரில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால், ஃபியூஸ் எரிந்து ஆம்ப் நின்ற பிறகும் உள்ளே மின்சாரம் காத்துக்கொண்டிருக்கும்.

டிக் டேல் கொடுத்த தலைவலி

1960-களின் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் பால்போவா கடற்கரையில் ரான்டெவூ பால்ரூம் என்ற அரங்கம். அங்கே சர்ஃப் இசையின் நாயகன் டிக் டேல் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார். லியோ கொடுத்த ஆம்ப்கள் அவரிடம் தாக்குப்பிடிக்கவில்லை. ஸ்பீக்கர்கள் கிழிந்தன, ஆம்ப்கள் எரிந்தன என்று டேல் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

லியோவும் அவருடன் வேலை பார்த்த ஃபிரெடி டவாரெஸும் நேரில் போய்ப் பார்த்தார்கள். சோதனை மேஜையில் இருக்கும்போது புரியாதது, கூட்டத்துக்கு நடுவில் நின்றபோது புரிந்தது. கூட்டம் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. வாசிப்பவர் இன்னும் இன்னும் கூட்டுகிறார்.

லியோ ஆம்ப்பை அடியிலிருந்தே பெரிதாக்கினார். பெரிய டிரான்ஸ்ஃபார்மர், சுமார் 85 வாட் திறன், ஜேபிஎல் நிறுவனத்தின் 15 அங்குல ஸ்பீக்கர். ஷோமேன் என்ற ஆம்ப் பிறந்தது.

ஃபியூஸ் தேர்வுக்கும் இதுதான் பாடம். அடிக்கடி ஃபியூஸ் எரிகிறது என்றால், இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது. அல்லது அந்தக் கருவியால் முடியாத வேலையை அதனிடம் கேட்கிறோம். முதலாவதற்குத் தீர்வு ரிப்பேர், இரண்டாவதற்குப் பெரிய கருவி. பெரிய ஃபியூஸ் இரண்டுக்குமே தீர்வு கிடையாது.

நோய், விற்பனை, மறுபடியும் பட்டறை

ஃபெண்டர் கம்பெனி உச்சத்தில் இருந்தபோது லியோவின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1950-களின் நடுவில் பிடித்த ஒரு பாக்டீரியா தொற்று வருடக்கணக்கில் விடாமல் துரத்தியது. இனி ரொம்ப நாள் இருக்க மாட்டோம் என்றே நினைத்தார். 1965 ஜனவரியில் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார்.

விற்ற பிறகுதான் திருப்பம். வேறொரு மருத்துவர் சிகிச்சையை மாற்றிக் கொடுத்தார். நோய் குணமாகிவிட்டது. ஆனால் கம்பெனி கையில் இல்லை. ஒப்பந்தப்படி பத்து வருடங்களுக்குப் போட்டித் தொழிலும் செய்யக் கூடாது.

அவர் ஓய்வெடுக்கவில்லை. 1970-களில் பழைய சகாக்களின் மியூசிக் மேன் நிறுவனத்துடன் இணைந்து, 1975-ல் அதன் தலைவரானார். பிறகு நீண்ட நாள் நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் சேர்ந்து ஜி அண்ட் எல் நிறுவனம். ஜார்ஜ், லியோ என்ற இருவரின் முதல் எழுத்துகள்தான் பெயர். 1979-ல் எஸ்தர் இறந்தார். அடுத்த வருடம் ஃபிலிஸை மணந்தார். பார்கின்சன் நோய் வந்து கை நடுங்க ஆரம்பித்த பிறகும் தினமும் பட்டறைக்குப் போனார்.

1991 மார்ச் 21 அன்று, 81 வயதில் காலமானார். அதற்கு முந்தைய நாள்வரை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1992-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

ஃபியூஸ் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

• முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது.

• ஆம்ப்பின் பின்பக்கம் அல்லது ஃபியூஸ் மூடியின் அருகே எழுதியிருக்கும் அளவுதான் முதல் ஆதாரம். எந்த மின்னழுத்தத்துக்கு எந்த அளவு என்று பார்க்க வேண்டும்.

• ஆம்பியர், வோல்ட், மெதுவானதா வேகமானதா, நீளம் என நான்கும் பொருந்த வேண்டும். அமெரிக்க ஆம்ப்களில் பெரும்பாலும் 32 மில்லிமீட்டர். ஐரோப்பிய, ஆசியக் கருவிகளில் 20 மில்லிமீட்டர்.

• பழைய ஃபியூஸைப் பார்த்தாலே கொஞ்சம் தெரியும். கம்பி நடுவில் மட்டும் அறுந்திருந்தால் வயதாகிப் போயிருக்கலாம். கண்ணாடி முழுக்கக் கறுத்து, உள்ளே வெள்ளி பூசியது மாதிரி இருந்தால் பெரிய ஷார்ட்.

• சரியான புது ஃபியூஸும் உடனே எரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது ஃபியூஸ் வேண்டாம். ரெக்டிஃபையர், பெரிய வால்வு, கெப்பாசிட்டர் ஆகியவற்றில் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். அனுபவமுள்ள டெக்னீஷியன் சீரிஸ் லாம்ப் போட்டுச் சோதிப்பார்.

• சேசிஸை வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் தங்கியிருக்கலாம்.

• கச்சேரி நடுவில் ஃபியூஸ் போனால், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகும் வேலை கூடவே கூடாது. சரியான அளவில் நாலு ஃபியூஸை கிடார் பையிலேயே வைத்திருக்கலாம். ஒரு டீ விலைதான். எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆயிரக்கணக்கில் ஆகும்.

ஃபுல்லர்டனில் ஜி அண்ட் எல் தொழிற்சாலை இருந்த தெருவின் பெயரே ஃபெண்டர் அவென்யூ. லியோ வேலை பார்த்த அறையை, அவர் விட்டுப்போனபடியே அங்கே பாதுகாத்து வைத்தார்கள். அவர் செய்த ஆம்ப்கள் பல 60, 70 வருடங்கள் கழித்தும் மேடை ஏறுகின்றன. வால்வுகள் எத்தனையோ முறை மாறியிருக்கும், கெப்பாசிட்டர்கள் மாறியிருக்கும். ஆனால் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் அதே பழையதுதான். இடையில் எத்தனையோ ஃபியூஸ்கள் எரிந்திருக்கும்.